ரிச்மண்டின் ஒலிக்கூடமும் 1920-களின் அமெரிக்காவும்

இந்தியானா மாநிலத்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய ரிச்மண்ட் நகரில், வைட்வாட்டர் ஆறு ஓடும் பள்ளத்தாக்கில், ஸ்டார் பியானோ நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. பியானோ செய்து விற்ற அந்த நிறுவனம், அதை நடத்திய ஜெனட் குடும்பத்தின் பெயரில் இசைத்தட்டுகளையும் வெளியிட்டது. ஒலிப்பதிவுக் கூடமும் அதே வளாகத்தில்தான் இருந்தது; அதற்கு மிக அருகே ரயில் பாதை ஓடியதால், வண்டி கடந்து போகும்வரை பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1923 ஏப்ரல் 5, 6 ஆகிய தேதிகளில் கிங் ஆலிவரின் க்ரியோல் ஜாஸ் குழு சிகாகோவிலிருந்து இங்கே வந்து வாசித்தது. லூயி ஆம்ஸ்ட்ராங் வாசித்த கார்னெட் என்னும் ஊதுகருவியின் ஒலி முதன்முதலாக இசைத்தட்டில் ஏறியது அப்போதுதான். அதே ஆண்டுகளில், கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளையின மேலாதிக்க அமைப்பினர் பணம் கொடுத்துக் கேட்டபோது, அவர்களுடைய பிரச்சாரப் பாடல்களையும் இதே நிறுவனம் இசைத்தட்டுகளாகத் தயாரித்துக் கொடுத்தது. தேவாலயங்களில் எல்லோரும் பாடிப் பழகிய மெட்டுகளில் க்ளானின் எரியும் சிலுவையைப் புகழும் சொற்களைப் பொருத்திய பாடல்கள் அவை.

ஜாஸ் யுகம் என்று பெயர் பெற்ற அந்தப் பத்தாண்டைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் சித்திரம் ஏறத்தாழ ஒன்றுதான். குட்டையாக வெட்டிய முடியும் முத்துச்சரமுமாகப் பெண்கள், மதுவிலக்கை மீறி நடக்கும் இரவு விருந்துகள், ஏறிக்கொண்டே போகும் பங்குச் சந்தை, 1929-இல் வந்த வீழ்ச்சி. இந்தச் சித்திரத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால், எந்த மக்களின் இசையால் அந்தக் காலம் பெயர் பெற்றதோ அவர்கள் அதில் மேடையின் ஓரத்தில் நிற்கும் வாத்தியக்காரர்களாகச் சுருங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு எதிராக அதே ஆண்டுகளில் திரண்டெழுந்த அரசியலோ கண்ணிலேயே படுவதில்லை. ரிச்மண்டில் பதிவான இருவகை இசைத்தட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் அந்த ஏப்ரல் பதிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மின் ஒலிப்பதிவு 1925-இல்தான் புழக்கத்துக்கு வந்தது என்பதால், 1923-இல் ஒலிவாங்கி கிடையாது. கூடத்தின் ஒரு பக்கத்தில் பெரிய கூம்புக் குழாய் இருக்கும். வாசிப்பவர்கள் அதன் முன்னால் திரண்டு நின்று வாசிக்க, அந்த ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். மெழுகு இளகிய பதத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக அறையை வெப்பமாகவே வைத்திருப்பார்கள். பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி எகிறிவிடும். ஆகவே குழுவின் டிரம் கலைஞர் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டியே தாளத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மற்ற அனைவரையும் அமுக்கிவிடும் அளவுக்கு வலுவாக ஒலித்ததால், அவரைக் குழாயிலிருந்து விலக்கி அறையின் மூலையில் நிற்க வைத்தார்கள் என்று அக்குழுவின் பியானோ கலைஞர் லில் ஹார்டின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1924-இல் ஆம்ஸ்ட்ராங்கை மணந்துகொண்டவர் அவர். குரு ஆலிவரைவிட மாணவர் ஆம்ஸ்ட்ராங்தான் பெரிய கலைஞர் என்பதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவரும் அவரே.

இன்று அந்தப் பதிவுகளைக் ஹெட்ஃபோனில் கேட்கும்போது முதலில் இரைச்சல்தான் வரும். பல முறை திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான், கூட்டாக ஒலிக்கும் அந்த வாசிப்புக்குள் இருக்கும் ஒழுங்கு எனக்குப் பிடிபட்டது. ஆலிவரும் ஆம்ஸ்ட்ராங்கும் இரண்டு கார்னெட்களில் ஒரே சமயத்தில் ஒரு துண்டை வாசித்துவிட்டு மீண்டும் குழுவோடு கலந்துவிடுவார்கள். அந்தத் துண்டு என்னவாக இருக்கப் போகிறது என்பதை ஆலிவர் சற்று முன்னதாகவே தன் வாசிப்பில் குறிப்பாகக் காட்டிவிடுவார். அதைப் பிடித்துக்கொண்டு ஆம்ஸ்ட்ராங் அந்தக் கணத்திலேயே இரண்டாம் குரலை அமைப்பார். இதைப் பார்க்கவே சிகாகோவின் வெள்ளை இசைக்கலைஞர்கள் இரவுதோறும் லிங்கன் கார்டன்ஸ் நடனக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நெடுங்காலம் சேர்ந்து உழைத்தவர்களிடம் மட்டுமே அமையும் நம்பிக்கை அது. எந்தப் பாடத்திட்டமும் அவர்களுக்கு அதைக் கற்றுக் கொடுக்கவில்லை.

ஆலிவரும் ஆம்ஸ்ட்ராங்கும் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள். ஆலிவர் அழைத்ததன் பேரில் ஆம்ஸ்ட்ராங் 1922 ஆகஸ்டில் ரயிலேறி சிகாகோ வந்தார். அப்போது அவருக்கு வயது 21. தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்த பெரும் இடப்பெயர்வின் ஒரு துளி அவர். 1910-க்கும் 1930-க்கும் இடையே 15 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வெளியேறினார்கள். பருத்தியைத் தின்ற கூன்வண்டு, குத்தகை விவசாயத்தில் என்றைக்கும் அடையாத கடன், வாக்குரிமை மறுப்பு, கும்பல் கொலை ஆகியவை பின்னாலிருந்து தள்ளின. முதல் உலகப் போரால் ஐரோப்பியக் குடியேற்றம் நின்றுபோனதும் இறைச்சிக் கூடங்களிலும் எஃகு ஆலைகளிலும் உண்டான ஆள் பற்றாக்குறை முன்னாலிருந்து இழுத்தது. சிகாகோவின் கறுப்பினப் பத்திரிகையான டிஃபெண்டர், வடக்கே வரும்படி வெளிப்படையாகவே அழைத்தது. புல்மன் ரயில் பெட்டிகளில் பணிபுரிந்த கறுப்பினச் சிப்பந்திகள் அதன் பிரதிகளைத் தெற்கு ஊர்களில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1910-இல் சிகாகோவில் சுமார் 44,000 கறுப்பின மக்கள் இருந்தார்கள். 1920-இல் அந்த எண்ணிக்கை 1,09,000 ஆனது. 1930-இல் 2,34,000-ஐத் தொட்டது.

வடக்கு அவர்களைக் கைநீட்டி வரவேற்கவில்லை. 1919 ஜூலை 27 அன்று, 29-ஆம் தெரு முனையிலுள்ள மிச்சிகன் ஏரிக்கரையில் நீந்திக்கொண்டிருந்த யூஜீன் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன், வெள்ளையருக்கு என்று வழக்கத்தில் ஒதுங்கியிருந்த நீர்ப்பரப்புக்குள் மிதந்து சென்றுவிட்டான் என்பதற்காகக் கல்லெறியப்பட்டு நீரில் மூழ்கி இறந்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர். லிங்கன் கார்டன்ஸ் இருந்தது 31-ஆம் தெருவில். அந்தக் கரையிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவு. கலவரம் முடிந்து மூன்றே ஆண்டுகளில் அந்தப் பகுதியில்தான் ஆலிவரின் குழு வாசித்தது. இதை அறிந்த பிறகு, அந்த இசையின் உற்சாகத்தை வெறும் கேளிக்கை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1921 மே 31-ஆம் தேதி தொடங்கி மறுநாள்வரை, ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதி வெள்ளையர் கும்பலால் சூறையாடப்பட்டு 35 தெருத் தொகுதிகள் எரிந்து போயின. கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்க வகைசெய்த டயர் மசோதா 1922 ஜனவரியில் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. செனட்டில் தெற்கு மாநில உறுப்பினர்கள் விவாதத்தை முடிக்க விடாமல் இழுத்தடித்து அதைச் சாகடித்தார்கள்.

இனி இரண்டாவது வகை இசைத்தட்டுக்கு வருகிறேன். 1915-இல் வில்லியம் சிம்மன்ஸ் என்பவர் ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையில் சிலுவையைக் கொளுத்திப் புதுப்பித்த க்ளான், ஐந்தாண்டுக் காலம் சிறு அமைப்பாகவே கிடந்தது. 1920-இல் எட்வர்ட் கிளார்க், எலிசபெத் டைலர் என்ற இரு விளம்பரத் தொழிலாளர்களிடம் ஆள் சேர்க்கும் பொறுப்பை ஒப்படைத்ததும் நிலைமை மாறியது. உறுப்பினர் கட்டணம் 10 டாலர். அதில் 4 டாலர் ஆள் பிடித்து வந்த முகவருக்கு. மீதி, மேலே உள்ள ஒவ்வொரு படிநிலைக்கும் இன்ன அளவு என்று பிரிந்து போகும். வெறுப்பு, கமிஷன் அடிப்படையில் விற்கப்படும் சரக்காயிற்று. கறுப்பின மக்கள், கத்தோலிக்கர், யூதர், புதிதாகக் குடியேறியவர், கள்ளச் சாராயக்காரர் என்று எந்த ஊரில் யார் மீது அச்சம் இருந்ததோ, அந்த ஊரில் அவர்களைக் காட்டி முகவர்கள் ஆள் சேர்த்தார்கள்.

இந்த விற்பனை மிகச் சிறப்பாக நடந்த இடம் தெற்கு மாநிலம் எதுவும் இல்லை, வடக்கிலுள்ள இந்தியானாதான். அங்கே பிறந்த வெள்ளை ஆண்களில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அந்தக் காலத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் க்ளானில் சேர்ந்திருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இரவில் போய் வீடு கொளுத்தியவர்கள் இல்லை. கடைக்காரர், பாதிரியார், ஆசிரியர், ஆலைத் தொழிலாளி என்று ஊரில் மதிக்கப்பட்டவர்கள். குடும்பத்தோடு சுற்றுலா, அணிவகுப்பு, இசைக்குழு, பெண்கள் பிரிவு, சிறுவர் பிரிவு எல்லாம் அந்த அமைப்பில் இருந்தன. எனக்கு இதுதான் மிகவும் அச்சமூட்டுகிறது. ஓர் ஊரின் சராசரி ஒழுக்கமும் அன்பும் இந்த அமைப்புக்குள் இடறலின்றிப் பொருந்திப் போயின. ஜெனட் குடும்பத்தாரின் தயாரிப்பும் இந்தச் சூழலில்தான் நடந்தது. பணம் கொடுத்தவர்களுக்கெல்லாம் தட்டு அச்சிட்டுக் கொடுப்பது அவர்களுடைய தொழிலில் ஒரு பகுதி; கறுப்பினக் கலைஞர்களைப் பதிந்ததும் பெருந்தன்மையால் அன்று, அந்தத் தட்டுகளை வாங்க ஆள் இருந்ததால்தான். 1920-இல் மேமி ஸ்மித் ஓகே நிறுவனத்துக்காகப் பாடிய ப்ளூஸ் தட்டு மளமளவென்று விற்றபோதே கறுப்பின மக்கள் பெரும் வாடிக்கையாளர்கள் என்பது எல்லா நிறுவனங்களுக்கும் தெரிந்துவிட்டது. அவர்களுக்கென்று தனி விலைப்பட்டியல் போட்டு, இனத் தட்டுகள் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். இசையிலும் தனி வரிசை, தனிக் கடை.

ஆயினும் வணிக நோக்கமே சில கதவுகளைத் திறந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். தட்டின் பள்ளத்தில் பக்கவாட்டாக ஒலியைப் பதியும் முறை தனக்கே சொந்தம் என்று விக்டர் நிறுவனம் தொடுத்த காப்புரிமை வழக்கில் ஸ்டார் நிறுவனம் எதிர்த்து நின்று வென்றிருக்காவிட்டால், சிறிய நிறுவனங்கள் அந்தத் தொழிலில் நிலைத்திருக்கவே முடியாது. ஆலிவரின் குழு அன்றைக்கு வாசித்ததில் பெரும்பகுதி காற்றோடு போயிருக்கும். அதே ரிச்மண்ட் கூடத்தில் 1923 ஜூலையில் ஜெல்லி ரோல் மார்ட்டன், நியூ ஆர்லியன்ஸ் ரிதம் கிங்ஸ் என்ற வெள்ளையர் குழுவோடு அமர்ந்து பியானோ வாசித்துப் பதிந்தார். இனம் கலந்த ஜாஸ் பதிவுகளில் மிக முந்தியவற்றுள் அதுவும் ஒன்று. க்ளான் வலுவாக இருந்த மாநிலத்தில், அது வலுவாக இருந்த ஆண்டிலேயே இது நடந்திருக்கிறது.

இந்தியானா க்ளானின் தலைவர் டி. சி. ஸ்டீஃபன்சன் 1924 தேர்தலில் தன் ஆதரவாளர் எட் ஜாக்சனை ஆளுநராக்கினார். மதுவிலக்கு க்ளானுக்குப் பெரும் வாய்ப்பாக அமைந்தது. குதிரைத் திருடர்களைப் பிடிப்பதற்காக 19-ஆம் நூற்றாண்டில் இயற்றப்பட்ட பழைய சட்டம் ஒன்று அந்த மாநிலத்தில் நடைமுறையில் இருந்தது. அதன் கீழ் இயங்கிய காவற்குழுக்களில் க்ளான் உறுப்பினர்கள் சேர்ந்து, சாராயம் தேடுகிறோம் என்ற பெயரில் மக்களை வழிமறித்துச் சோதித்தார்கள். ஒழுக்கத்தின் காவலர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஸ்டீஃபன்சன், 1925 மார்ச்சில் மேட்ஜ் ஓபர்ஹோல்ட்ஸர் என்ற இளம்பெண்ணைக் கடத்திச் சென்று கொடுமைக்கு உள்ளாக்கினார். அந்தப் பெண் இறப்பதற்கு முன் அளித்த வாக்குமூலமே வழக்கின் அடிப்படையாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் ஸ்டீஃபன்சனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆளுநர் தன்னை மன்னித்து விடுவிப்பார் என்று காத்திருந்து ஏமாந்த அவர், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற ஆவணங்களை வெளியே விட்டார். இதை அம்பலப்படுத்திய இண்டியானபொலிஸ் டைம்ஸ் நாளிதழுக்கு 1928-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. இந்தியானாவில் க்ளான் இதோடு சரிந்தது. ஆனால் சரியும் முன்பே, 1925 ஆகஸ்ட் 8 அன்று, அதன் உறுப்பினர்கள் 30,000-க்கும் மேற்பட்டோர் முகமூடிகூட அணியாமல் வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் அணிவகுத்து நடந்து முடித்திருந்தார்கள்.

தேசியக் கட்சிகள் என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். 1924 கோடையில் நியூயார்க்கில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில், க்ளானைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் தீர்மானம் மயிரிழையில் தோற்றது. பிறகு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 103 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது. கத்தோலிக்கரான ஆல் ஸ்மித்தும் க்ளான் ஆதரவு பெற்ற மெக்காடூவும் ஒருவரையொருவர் தடுத்துக்கொண்டதால், கடைசியில் ஜான் டேவிஸ் என்ற மூன்றாமவர் வேட்பாளரானார். இந்தச் சண்டை முழுவதும் வானொலியில் வீடு வீடாகக் கேட்டது. குடியரசுக் கட்சியின் அதிபர் கூலிட்ஜ் க்ளானைப் பற்றி வாய் திறவாமலே தேர்தலை வென்றார்.

அதே ஆண்டு மே மாதம் கூலிட்ஜ் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், என் பார்வையில், அந்தப் பத்தாண்டின் மிக விளைவு மிக்க அரசியல் செயல். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எத்தனை பேர் வரலாம் என்பதை, 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இருந்த அந்த நாட்டாரின் எண்ணிக்கையில் 2 சதவீதம் என்று அது வரையறுத்தது. 1920-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு கையில் இருக்கும்போது 34 ஆண்டு பழைய கணக்கை எடுத்ததற்குக் காரணம் ஒன்றே. இத்தாலியர், போலந்துக்காரர், கிழக்கு ஐரோப்பிய யூதர் ஆகியோரில் பெரும்பாலோர் வந்தது 1890-க்குப் பிறகுதான். குடியுரிமை பெறத் தகுதி இல்லாதவர்கள் குடியேறவே கூடாது என்ற விதியால் ஆசியருக்குக் கதவு முழுவதுமாக மூடப்பட்டது.

அந்தத் தகுதியை முடிவு செய்த வழக்குகளில் ஒன்று நம்மவர் ஒருவருடையது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த், தான் வெள்ளையர் என்பதால் தனக்குக் குடியுரிமை உண்டு என்று வாதாடினார். ஜப்பானியரான ஓசாவாவின் வழக்கில், 1922 நவம்பரில், வெள்ளையர் என்றால் காகேசிய இனத்தவர் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அப்படியானால் அன்றைய இன அறிவியலின்படியே வட இந்தியரும் காகேசியர்தாமே என்பது திந்தின் வாதம். 1923 பிப்ரவரியில், அதே நீதிபதி சதர்லாந்து எழுதிய தீர்ப்பில், அறிவியல் சொல்வது முக்கியமில்லை, சாதாரண மனிதர் வெள்ளையர் என்று எவரைப் புரிந்துகொள்கிறாரோ அவரே வெள்ளையர் என்று அளவுகோல் மாறியது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை நடத்திவந்த வைஷ்ணோ தாஸ் பகாய் தன் குடியுரிமையை இழந்து, 1928-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். திந்த் 1936-இல்தான், முன்னாள் படைவீரர் என்ற வகையில், குடியுரிமை பெற்றார். ஆம்ஸ்ட்ராங் ரிச்மண்டில் வாசித்தது திந்த் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் என்பதை நான் கவனித்தபோது, இந்தக் கதைகளைத் தனித்தனிப் புத்தகங்களில் படித்து வந்ததுதான் என் குறை என்று தோன்றியது.

மதுவிலக்கைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 18-வது அரசியல் சட்டத் திருத்தம் 1920 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்து, 1933 டிசம்பர் 5 அன்று ரத்தானது. நாடு முழுவதும் அதை அமல்படுத்தத் தொடக்கத்தில் சுமார் 1,500 முகவர்களே இருந்தார்கள். சட்டம் மூடிய மதுக்கடைகளின் இடத்தைக் கும்பல்கள் நடத்திய விடுதிகள் பிடித்துக்கொண்டன. அந்த விடுதிகளுக்கு இசை வேண்டியிருந்தது. ஜாஸ் கலைஞர்களுக்கு ஊதியம் தந்தவர்களில் பலர் குற்றவாளிகள் என்பது உண்மையே. அந்தக் கலைஞர்களுக்கு வேறு எந்த மேடையும் திறந்திருக்கவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

நியூயார்க்கின் ஹார்லெமில் இந்த ஏற்பாடு முழு வடிவம் பெற்றது. லெனக்ஸ் அவென்யூவும் 142-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த காட்டன் கிளப், ஓனி மேடன் என்ற கும்பல் தலைவருக்குச் சொந்தம். மேடையில் இருந்தவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். மேசைகளில் அமர்ந்தவர்கள் வெள்ளையர். பழைய தெற்கின் பண்ணை வீட்டைப் போல மேடையை அலங்கரித்திருந்தார்கள். நடனப் பெண்கள் வெளிர் நிறத்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. அடிமைகளின் பேரன்மார் தப்பி வந்த பண்ணையை, வடக்கு நகரின் நடுவே பணக்காரர்களின் கேளிக்கைக்காக மறுபடி கட்டி வைத்திருந்தார்கள். டியூக் எல்லிங்டன் 1927 டிசம்பர் 4-இல் அங்கே தன் குழுவோடு வந்து சேர்ந்தார். அந்தப் பின்னணியின் முன்னால் அமர்ந்தபடியே, ஒவ்வொரு வாத்தியக்காரரின் தனித்த ஒலியையும் கணக்கில் எடுத்து இசை அமைக்கும் தன் முறையை அவர் வளர்த்தெடுத்தார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிய இசை தேவைப்பட்டது அவருக்குத் தொடர் பயிற்சியாயிற்று. வானொலி ஒலிபரப்பின் வழியே அந்த இசை, அந்தக் கிளப்புக்குள் நுழைய அனுமதி இல்லாதவர்களையும் சேர்ந்தது. 1930 கணக்கெடுப்பின்போது அமெரிக்கக் குடும்பங்களில் 40 சதவீதத்தினரிடம் வானொலிப் பெட்டி இருந்தது.

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, 1926 மார்ச் 12-இல் திறந்த சவாய் நடனக்கூடம், 140-ஆம் தெருவிலிருந்து 141-ஆம் தெருவரை நீண்டிருந்தது. இரண்டு இசை மேடைகள். ஒரு குழு ஓயும்போது மற்றது தொடங்கும். அங்கே கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். நன்றாக ஆடுகிறவரா என்பது மட்டுமே கேள்வி. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் காட்டன் கிளப்பையே ஹார்லெம் என்று நினைத்தார்கள். ஹார்லெம்வாசிகளுக்கோ சவாய்தான் சொந்த இடம். அதற்கும் கீழே வாடகை விருந்துகள் இருந்தன. கறுப்பினக் குடியிருப்புகளில் வாடகை அதிகம், ஊதியம் குறைவு என்பதால், மாதக் கடைசியில் வீட்டிலேயே விருந்து வைத்து, வருகிறவர்களிடம் சிறு கட்டணம் வாங்கி வாடகையைத் திரட்டுவார்கள். ஜேம்ஸ் பி. ஜான்சன், ஃபேட்ஸ் வாலர் போன்ற பியானோ மேதைகள் போட்டி போட்டு வாசித்தது அந்த நெரிசலான கூடங்களில்தான். அக்காலத்தின் ஒரே ஓர் இரவுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் நான் காட்டன் கிளப்பைக் கேட்க மாட்டேன். ஒரு வாடகை விருந்தைத்தான் கேட்பேன்.

புகழ் யாருக்குப் போனது என்பது தனிக் கதை. 1917-இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு, நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த வெள்ளையர் குழு ஒன்றினுடையது. ஜாஸின் அரசர் என்று விளம்பரப்படுத்தப்பட்டவர், ஆலிவரோ ஆம்ஸ்ட்ராங்கோ அல்லர். வெள்ளையரான பால் வைட்மன். அவர் திறமையான குழுத் தலைவர், தன் கலைஞர்களுக்கு நல்ல ஊதியம் கொடுத்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1924 பிப்ரவரி 12-இல் நியூயார்க்கின் ஏயோலியன் அரங்கில் அவர் நடத்திய புகழ்பெற்ற கச்சேரியில், இந்த இசையை உருவாக்கிய மக்களில் ஒருவருக்கும் மேடையில் இடம் இல்லை. இன்னொரு பக்கம், ஹென்றி ஃபோர்டின் டியர்பார்ன் இண்டிபெண்டன்ட் பத்திரிகை ஜாஸை யூதர்களின் சதி என்று எழுதியது. நாகரிகத்துக்குப் பேராபத்து என்று பெண்கள் பத்திரிகைகளும் எச்சரித்தன. ஒரே இசையை ஒரு சாரார் வெள்ளையடித்து விற்றார்கள், மற்றொரு சாரார் அதன் நிறத்துக்காகவே அஞ்சினார்கள்.

1929-க்குப் பின் இசைத்தட்டுத் தொழில் நொறுங்கியது. 1927-இல் ஆண்டுக்குச் சுமார் 10 கோடித் தட்டுகள் விற்ற நாட்டில், 1932-இல் விற்றவை சுமார் 60 லட்சம்தான். ஜெனட்டின் தொழிலும் அந்த அடியில் முடங்கியது. பல்லும் ஈறும் கெட்டு வாசிக்க முடியாமல் போன கிங் ஆலிவர், ஜார்ஜியாவின் சவானா நகரில் ஒரு பொழுதுபோக்குக் கூடத்தில் துப்புரவு வேலை பார்த்து, 1938-இல் காலமானார்.

ஆனால் வடக்கே வந்த அந்த ரயில்கள் இசையை மட்டும் ஏற்றி வரவில்லை. தெற்கில் வாக்களிக்க முடியாதவர்கள், சிகாகோவில் இறங்கியதும் வாக்காளர்கள் ஆனார்கள். சிகாகோ அமைந்த இலினாய் மாநிலத்தில் 1913 முதலே பெண்களுக்கு ஓரளவு வாக்குரிமை இருந்தது. ஐடா பி. வெல்ஸ் தொடங்கிய ஆல்ஃபா வாக்குரிமைச் சங்கத்தின் பெண்கள் வீடு வீடாகச் சென்று திரட்டிய வாக்குகளின் துணையோடு, 1915-இல் ஆஸ்கர் டி பிரீஸ்ட் நகர மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். 1928 நவம்பரில் அதே தெற்குச் சிகாகோ அவரைக் காங்கிரஸுக்கு அனுப்பியது. 1901-இல் வட கரோலினாவின் ஜார்ஜ் வைட் வெளியேறியதற்குப் பிறகு அந்த அவையில் கால் வைத்த முதல் கறுப்பினர் அவர். வடக்கு மாநிலம் ஒன்று அனுப்பிய முதல் கறுப்பினரும் அவரே.

1929 ஜூன் 12-இல், காங்கிரஸ் உறுப்பினர்களின் மனைவியருக்கு அதிபரின் மனைவி லூ ஹூவர் வெள்ளை மாளிகையில் அளித்த தேநீர் விருந்துகளில் ஒன்றுக்கு, டி பிரீஸ்டின் மனைவி ஜெஸியும் அழைக்கப்பட்டார். அவரை யாரும் அவமதித்துவிடக் கூடாது என்பதற்காக, அன்றைய விருந்துக்கு வருபவர்களை லூ ஹூவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒரு கோப்பைத் தேநீருக்காக டெக்சாஸ் சட்டமன்றம் கண்டனத் தீர்மானமே நிறைவேற்றியது. 1933-இல், வேலையற்ற இளைஞர்களைக் காடு வளர்ப்புப் பணிகளில் அமர்த்தும் சட்டத்தில், இனம், நிறம், சமயம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற திருத்தத்தை டி பிரீஸ்ட் சேர்க்க வைத்தார். 1934-இல் அவருடைய செயலருக்குப் பிரதிநிதிகள் அவையின் உணவகத்தில் உணவு மறுக்கப்பட்டபோது, அதை விசாரிக்கத் தனிக் குழு அமைக்கும்வரை அவர் விடவில்லை. குழு 3-க்கு 2 என்ற கணக்கில் உணவகத்தின் பக்கமே நின்றது. அந்த நவம்பரில் தெற்குச் சிகாகோ வாக்காளர்கள் டி பிரீஸ்டைத் தோற்கடித்து ஆர்தர் மிட்சலைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரும் கறுப்பினத்தவரே. ஆனால், பத்தாண்டுகளுக்கு முன்பு க்ளானைப் பெயர் சொல்லிக் கண்டிக்க மறுத்த ஜனநாயகக் கட்சியின் சார்பில் காங்கிரஸுக்குச் சென்ற முதல் கறுப்பின உறுப்பினர் அவர்.